புதிதாகவே இருந்த பின் சீட்

இறம்பொடை அருவியைத் தாண்டி மூன்றாவது வளைவில் எங்கள் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. நாங்கள் நிறுத்தவில்லை. முதல் கியரைப் போட்டு முறுக்கினால் எஞ்சின் கத்தியது, கத்தியதோடு சரி. சக்கரம் ஓர் அங்குலம் முன்னால் போவதும் அரை அங்குலம் பின்னால் வருவதுமாக இருந்தது.

எழுபது சீசீ எஞ்சின் அது. அதன் முதுகில் நூற்று முப்பத்துநான்கு வயது உட்கார்ந்திருந்தது. எனக்கு அறுபத்தாறு, முத்துவேலு தலைவருக்கு அறுபத்தெட்டு. அது போதாதென்று கிளிநொச்சியில் கட்டிக் கொடுத்த பனங்கிழங்கு ஒரு பெரிய கட்டு, பனங்கட்டி இரண்டு பெட்டி.

மேலிருந்து இறங்கி வந்த சுற்றுலா வான் ஒன்று எங்களருகே மெதுவானது. ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடியை இறக்கி எங்களைப் படமெடுத்துக்கொண்டு போனாள். இலங்கையின் மகிழ்ச்சியான முதியவர்கள் என்று எங்கேயாவது போட்டிருப்பாள். எங்கள் இருவரில் யாரும் அப்போது சிரிக்கவில்லை.

அந்தப் படத்தில் ஒரு விசேஷம் உண்டு, அவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்திருந்தவர் தலைவர். பின் சீட்டில் அவர் தோளைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

எங்கள் தோட்டத்தில் நான் கண்டாக்காக இருந்தவன். அதாவது மலையைப் பிரித்து ஆட்களை அனுப்பி, வேலை வாங்கி, குறை கண்டுபிடிக்கும் உத்தியோகம். முத்துவேலு அதே தோட்டத்தில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த சங்கத் தலைவர். அதாவது நான் கண்டுபிடித்த குறைகளையெல்லாம் இல்லவே இல்லை என்று சாதிக்கும் பொறுப்பு. இருபத்தெட்டு வருடத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டு முடித்ததாக எனக்கு நினைவில்லை.

மேலே மூன்று கிலோமீட்டரில் எங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களம் இருந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதும், பின்னேரம் கொழுந்து நிறுப்பதும் அங்கேதான். அந்தக் களத்துக்குள் தலைவர் வண்டி ஓட்ட, நான் பின் சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும். புறப்படும்போது செய்துகொண்ட பேச்சு அது. வாக்குக் கொடுத்தவன் நான், கொடுக்க வைத்தவள் என் மனைவி கமலா.

இப்போது வண்டி நகர மாட்டேன் என்கிறது.

யாரும் ஏறாத சீட்

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உத்தியோகத்துக்காக எனக்குத் தோட்டம் கொடுத்த வண்டி அது. ஓய்வு பெற்றபோது வேறு யாரும் தொட மாட்டார்கள் என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். இருபத்தைந்து வருடத்தில் முன் சீட்டுக்கு இரண்டு முறை தையல் போட்டு, மூன்றாம் முறை உறையையே மாற்றினேன். பின் சீட் மட்டும் கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்றியதே பல வருடம் கழித்துத்தான்.

அதில் யாரும் ஏறியதில்லை என்பதுதான் காரணம். உத்தியோகத்தர் வண்டியில் தொழிலாளி ஏறக் கூடாது என்பது அப்போது தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையின் சட்டம். எழுதி ஒட்டிய சட்டம் அல்ல. தன் நாய்க்குப் பிஸ்கட் போட்டுக்கொண்டே ஒருநாள் போகிற போக்கில் சொன்னார். இன்றைக்குப் பின்னால் ஏற்றினால் நாளைக்குப் பக்கத்தில் உட்காருவான் என்றார்.

அந்தத் துரை போனார். அவருக்குப் பின் நாலைந்து பேர் வந்தார்கள், போனார்கள். அவருடைய பங்களா இன்று சுற்றுலா விடுதி. சுவர் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரிக்கும் படங்கள் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி உள்ளே போய்த் தன் படத்தைப் பார்க்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஆனால் அவர் போட்ட சட்டம் என் பின் சீட்டில் பத்திரமாக இருந்தது. சட்டம் போட்டவனே மறந்துபோனதை விசுவாசமாகக் கட்டிக் காப்பதில் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

கமலாகூட ஏறியதில்லை. கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன் வா என்று கூப்பிடும்போதெல்லாம், அதில் ஏறினால் எனக்கும் மலை பிரித்துக் கொடுத்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போய்விடுவாள்.

வண்டிக்கு வலது பக்கம் ஒரே ஒரு கண்ணாடி. அதை நான் என் மீசையும் வகிடும் தெரியும்படி திருப்பி வைத்திருந்தேன். காலைப் பெரட்டில் முந்நூறு பேர் முன்னால் போய் நிற்கிறவன் தலை கலைந்து நிற்கலாமா? பின்னால் வருகிறவன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் கொள்கை.

மேலே துரையின் நாய் என்றேனே, இன்னொன்று ஞாபகம் வருகிறது. அந்தத் துரை வீட்டு நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். பதுளையிலிருந்து ஒரு வாசகர், அது நாயல்ல, பூனை என்று திருத்திக் கடிதம் போட்டிருக்கிறார். நாய்தான் ஐயா. அதன் பெயர் தெரியும், அது எந்தத் தூணில் எந்தக் காலைத் தூக்கும் என்பதும் தெரியும். மழைக்காலத்தில் யார் எத்தனை கிலோ குறைத்துப் பறித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். என் ஞாபகசக்தியோடு தயவுசெய்து யாரும் மோத வேண்டாம்.

கமலாவின் நிபந்தனை

ஓய்வுக்குப் பிறகு பெரிய ரோட்டில், தோட்டத்து ரோடு பிரியும் சந்தியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பிலிருந்து பெரிய மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாக அந்த வழியே வருவார்கள். முழங்காலுக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம், நெஞ்சுக்கு ஒரு கவசம். யுத்தத்துக்குப் போகிற மாதிரி வந்து, அருவிக்கு முன்னால் நின்று அவித்த சோளம் தின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். கவசத்தைக் கழற்றினால் எல்லாருக்கும் என் வயதுதான் இருக்கும்.

அவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே எனக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பருத்தித்துறை வரை போக வேண்டும். அதற்கு மேல் ரோடு கிடையாது, கடல்தான். பிறந்ததிலிருந்து ஒரு காலை மேட்டிலும் ஒரு காலைப் பள்ளத்திலும் வைத்து நின்றவன், ஏற்ற இறக்கமே இல்லாத இடத்தில் ஒருநாளாவது வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருக்கும் மகன் தொலைபேசியில் சொன்னதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. கமலா சத்தம் போடவில்லை. தனியாகப் போகக் கூடாது, கூட ஓர் ஆள் இருந்தால் போகலாம் என்று மட்டும் சொன்னாள். ஆள் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

கிடைக்கத்தான் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த நண்பர் தன் முதுகெலும்பின் எக்ஸ்ரே படத்தையே எடுத்துக் காட்டினார். தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு மருமகளின் பிரசவமாம். அந்த மருமகளுக்கு அந்த வருடத்தில் அது இரண்டாவது பிரசவம்.

தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தது வேறு வேலையாக. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துத் தண்ணீர்க் குழாய் விஷயமாக ஒரு மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தார். கமலா தேநீர் கொடுத்துக்கொண்டே என் கிறுக்கைப் பற்றி முறையிட்டாள். நாலு நல்ல வார்த்தை சொல்லித் தடுப்பார் என்று எதிர்பார்த்திருப்பாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான் வாறேன்,” என்றார். “கிளிநொச்சியில எங்க அண்ணன் குடும்பம் இருக்கு, தங்கிக்கலாம். ஆனா ஒண்ணு. திரும்பி வரையில நான் ஓட்டுவேன். கண்டாக்கையா பின்னால ஒக்காந்து வரணும். பெரட்டுக்களம் வரைக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து லைசன்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். சொந்தமாக ஒரு மிதிசைக்கிள்கூட வைத்திராத மனிதர், மோட்டார் சைக்கிளுக்கு லைசன்ஸ் எடுத்து, அது காலாவதியாகாமல் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஓட்டிப் பழகியது மச்சானின் வண்டியில். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் தோட்டத்தில் இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறதே என்று, ஓய்வு பெற்ற பிறகும் எனக்குக் கோபம் வந்தது.

“ஒக்காருவாரு தலைவரே,” என்றாள் கமலா. “நான் சொல்றேன்ல.”

தானாகப் போகாத ஊர்

மலைநாட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருட்டுவான். பொலிஸ்காரர் பார்த்தால் திட்டுவார், பிரேக் சூடேறினால் பள்ளத்தில் கிடக்க வேண்டியதுதான். பெற்றோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு அது பழக்கம் என்பதைத் தாண்டி பக்தியாகவே ஆகிவிட்டது. எங்கள் சந்தியிலிருந்து இறம்பொடை வரை ஒரு சொட்டு எரிக்காமல் இறங்குவதில் எனக்குத் தனிப் பெருமை.

அன்றும் அப்படித்தான் இறங்கினோம். தலைவர் பின் சீட்டில் ஏறுவதற்கு முன் அதைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பின்னால் ஒரு மனிதப் பாரம் அந்த வண்டிக்கு அதுதான் முதல் தடவை. வழக்கத்தைவிட வேகமாக உருண்டது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

புசல்லாவைக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றத்தில் வண்டி முனகியது. பெற்றோலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று உடனே தீர்ப்புச் சொன்னேன். இருபத்தைந்து வருடம் தனியாகவே ஓட்டியவனுக்கு, இந்த எஞ்சின் இரண்டு பேரை மேட்டில் இழுக்குமா என்ற கேள்வியே எழவில்லை. பத்து வயதுப் பையன்கூடக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. மலையிலிருந்து புறப்படுகிறவனுக்கு உலகம் முழுக்க இறக்கமாகத்தான் தெரியும்.

தம்புள்ளைக்கு அப்பால் ரோடு தட்டையாகப் படுத்துவிட்டது. நான் கம்பளிச் சட்டையும் மஃப்ளருமாக மதவாச்சிச் சந்தியில் போய் இறங்கினேன். வெயிலில் உதடு வெடித்திருந்தது. அங்கே தெருவோரம் இளநீர் விற்றவர், என்னைப் பார்த்துக் காய்ச்சலா என்று சிங்களத்தில் பரிவோடு விசாரித்தார்.

பழக்கம் விடுமா? கண்ணுக்குத் தெரியாத சரிவு ஒன்று வந்தாலும் கை தானாகச் சாவியைத் திருப்பிவிடும். எஞ்சின் ஓயும். வண்டி நாற்பது அடி போய்க் களைத்து நிற்கும். பின்னால் வருகிற லொறிக்காரன் ஹோர்ன் அடித்துத் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுப் போவான். வவுனியா போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை இப்படி நடந்தது.

நாலாவது தடவை தலைவர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

“ஐயா, இது தானாப் போற ஊரு இல்லீங்க. இங்க ஓட்டணும்.”

இருபத்தெட்டு வருடம் சங்கக் கூட்டங்களில் என்னைப் பற்றி அவர் பேசியவற்றில் எதுவும் இவ்வளவு சரியாகப் பட்டதில்லை.

மறுநாள் பருத்தித்துறைக் கடலைப் பார்த்தோம். எவ்வளவோ எதிர்பார்த்துப் போனேன், அது தண்ணீராகத்தான் இருந்தது. தலைவர் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது, நாங்கள் வீடு கட்ட ஏழு பேர்ச் நிலம் கேட்டுத்தானே இத்தனை வருடமாக மனு எழுதுகிறோம் என்றார்.

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் எங்கள் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். “ரெண்டு பேரும் மலைநாட்டுத் தோட்டத்து ஆக்களோ?” என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் கண்டாக்கு, உத்தியோகத்தர், என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓம், தோட்டத்து ஆக்கள்தானே என்று இரண்டு கோப்பைகளை ஒரே மாதிரிக் கழுவி ஒரே மாதிரி வைத்தார். பெரிய துரை பயந்த காரியம் பருத்தித்துறையில் ஒரு மர பெஞ்சில் நடந்து முடிந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

முறிகண்டியில் கச்சான்

கிளிநொச்சியிலிருந்து திரும்பும்போது பேச்சுப்படி தலைவர் முன்னால் உட்கார்ந்தார். முதல் வேலையாகக் கண்ணாடியைப் பிடித்துத் திருப்பினார். பின்னால் வருவது தெரியவில்லையே ஐயா என்றார். என் மீசை கண்ணாடியை விட்டுப் போனது, அந்த இடத்தில் ரோடு வந்தது.

அவர் என்னைவிட நன்றாகவே ஓட்டினார். இதை எழுதுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. ஒருமுறைகூட எஞ்சினை நிறுத்தவில்லை, ஒரு லொறியும் எங்களைப் பார்த்து ஹோர்ன் அடிக்கவில்லை.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிற்காமல் அந்த ரோட்டில் எந்த வாகனமும் போகாது. நாங்களும் நின்றோம். தேங்காய் உடைத்தோம், கச்சான் கடலை வாங்கிக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்தோம். கச்சானை உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதிக்கொண்டே, ஏன் இந்த வீறாப்பு தலைவரே என்று கேட்டேன். இந்தக் கிழவனைப் பின்னால் ஏற்றிப் பெரட்டுக்களத்தில் காட்டி உங்களுக்கு என்ன வரப்போகிறது?

உங்களுக்கு நினைவில்லையா ஐயா என்று திருப்பிக் கேட்டார். எது என்றேன். அவர் சொல்லத் தொடங்கினார்.

அவருடைய மகள் செல்வராணி பதினாறு வயதில் ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம். கணிதப் பாடத்தன்று காலை விடாத மழை. எங்கோ மண் சரிந்து பஸ் வரவில்லை. பிள்ளை பரீட்சை மண்டபத்துக்கு ஆறு கிலோமீட்டர் இறக்கத்தில் நடந்தாள். அதே வழியில் நான் வண்டியில் இறங்கி வந்தேன். அவள் கையைக் காட்டினாள், நான் நிற்கவில்லை. பின் சீட்டில் பொலித்தீன் சுற்றியிருந்ததும், அதிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்ததும் அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறதாம். அவள் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது என்று உள்ளே விடவில்லை.

அடுத்த வருடம் எழுதலாம் என்று சொன்னார்கள். அடுத்த வருடம் அவள் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் வேலையாளாகப் பதிவாகிவிட்டது. பதிந்தவன் நான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளுடைய நம்பரும், முதல் நாள் அவள் பறித்தது ஒன்பது கிலோ என்பதும், அதற்கு நான் அவளைத் திட்டியதும்கூட நினைவிருக்கிறது.

ஆனால் அந்த மழை நாள் நினைவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து எவ்வளவோ தேடிப் பார்த்தேன். வேறு கண்டாக்காக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான்.

“அவ படிச்சு டீச்சராயிருப்பான்னு நான் சொல்லலீங்க,” என்றார் தலைவர். “பாஸ் பண்ணியிருப்பாளான்னே எனக்குத் தெரியாது. ஆனா எழுதியிருப்பா. அந்த சீட்டுல நீங்க ஒக்காந்து வர்றத அவ ஒருநா பாக்கணும். அவ்வளவுதான் ஐயா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நாயின் காலை நினைவு வைத்திருப்பவன் நான்.

மறுபடியும் மூன்றாவது வளைவு

வெள்ளைக்காரப் பெண் போன பிறகு தலைவர் இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தார். எஞ்சினிலிருந்து ரப்பர் தீய்கிற வாடை வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, பெற்றோலில் தண்ணீரும் இல்லை, ஒன்றும் இல்லை. இவ்வளவு செங்குத்தான ஏற்றத்தில் இந்த வண்டி ஒருவரைத்தான் இழுக்கும். அது இருபத்தைந்து வருடமாக அதன் சொந்தக்காரனுக்குத் தெரியாது.

தலைவர் இறங்கினார். பனங்கிழங்குக் கட்டை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டார். கைப்பிடியை என் பக்கம் திருப்பினார்.

“நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்கய்யா. நான் நடந்து வந்துர்றேன்.”

நாலு நாளாக அவர் கட்டி வைத்திருந்த பேச்சை அவரே ஒரு நொடியில் விட்டுவிட்டார். யோசித்துச் சொல்லவில்லை. வண்டியையும் நடையையும் பங்கு போட வேண்டி வந்தால் யாருக்கு எது என்பது எங்கள் இருவருக்குமே சிறுவயதிலிருந்து மனப்பாடம். நானும் யோசிக்காமல்தான் ஏறி உட்கார்ந்து முறுக்கினேன். தனி ஆள் என்றதும் வண்டி பழைய உற்சாகத்தோடு கிளம்பியது.

ஒரு வளைவு தாண்டியிருப்பேன். பழக்கத்தில் மீசையைப் பார்க்கக் கண்ணாடிக்குத் திரும்பினேன். மீசை இல்லை. தலைவர் திருப்பி வைத்தபடியே கண்ணாடி இருந்தது. அதில் ரோடும், மூடுபனியும், தோளில் சுமையோடு ஓரமாக ஏறி வரும் ஒரு மனிதரும் தெரிந்தார்கள். அவர் சிறிதாகிக்கொண்டே போனார்.

அப்போதும் அந்த மழை நாள் நினைவுக்கு வரவில்லை. இனியும் வராது என்று தெரிந்துகொண்டேன். பார்த்திருந்தால்தானே நினைவிருக்கும். என் கண்ணாடியில் நான்தான் இருந்தேன்.

வண்டியைத் திருப்பினேன். எஞ்சினை நிறுத்திவிட்டு அவரிடம் உருண்டு இறங்கினேன். ஏதாவது விழுந்துவிட்டதா ஐயா என்று கேட்டார். நான் அவர் தோளிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டேன்.

“ஏறுங்க தலைவரே. வண்டி ஒருத்தரத்தான் இழுக்கும். நான் நடக்குறேன்.”

பேச்சு அப்படி இல்லையே என்றார். அவருக்கு நான் உட்கார்ந்து வர வேண்டும், நடந்து அல்ல. சட்டம் பேசுவதில் அவர் எப்போதும் கெட்டி. கொஞ்ச நேரம் வாதாடினோம். பழைய நாட்களில் வாதாடியதற்கும் இதற்கும் வித்தியாசம், இந்தத் தடவை நான் அவர் பேச்சைக் கடைசிவரை கேட்டேன். கேட்டுவிட்டு நடக்கத் தொடங்கினேன். அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

மலையேறுகிற கஷ்டத்தைப் பற்றி எனக்கு முப்பது வருட அனுபவம் இருந்தது, எல்லாம் கத்திய அனுபவம். கொழுந்துக் கூடையோடு மூச்சிரைத்து வரும் பெண்களைப் பார்த்து, சுறுக்கா வாங்க, சுறுக்கா வாங்க என்று இதே மேடுகளில் நின்று கத்தியிருக்கிறேன். இரண்டாவது வளைவிலேயே என் முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. தலைவர் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திக் காத்திருந்தார். ஒரு தடவையும் சுறுக்கா வாங்க என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சந்தியில் என் வீடு. வாசலில் கமலா நின்றாள். வண்டிமேல் தலைவர் வருவதையும், பின்னால் கட்டைச் சுமந்துகொண்டு நான் வருவதையும் பார்த்தாள். தலைவர் வண்டியை நிறுத்தி, இதோடு போதும் ஐயா, இங்கேயே நின்றுகொள்ளுங்கள் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கமலா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

“குடிச்சிட்டுப் போங்க,” என்றாள். “இன்னும் மேல ஒரு கிலோமீட்டர் இருக்குல்ல.”

பெரட்டுக்களத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குச் சாக்கும் தலையில் கொழுந்துக் கூடையுமாக வரிசையில் நின்றார்கள். தலைவர் வண்டியோடு உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. தராசடியில் நின்ற புதிய கண்டாக்கு, யாருக்கு வணக்கம் சொல்வதென்று தெரியாமல் கையைப் பாதியில் வைத்திருந்தார். தலைவர் களத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஸ்டாண்ட் போட்டார். அவருக்குப் பத்தடி பின்னால் நான் போய்ச் சேர்ந்தேன்.

செல்வராணி வரிசையின் கடைசியில் இருந்தாள். நாற்பதை நெருங்குகிறாள், காதோரம் நரைத்திருக்கிறது. தகப்பனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என்னிடம் வந்தாள். அவள் குரலில் கிண்டல் இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

“ஏங்க ஐயா நடந்து வாறீங்க?” என்றாள். “பின் சீட்டு சும்மாதானே கெடக்கு.”

ஏற்றத்தில் அந்த வண்டி இரண்டு பேரை இழுக்காது. சத்தியமான உண்மை, மூன்று கிலோமீட்டரும் அதை நிரூபித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அன்றைக்குப் பரீட்சைக்கு அவள் நடந்தது இறக்கத்தில்.

பனங்கிழங்குக் கட்டை அவளிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் கொழுந்துக் கூடையைப் பிடித்திருந்தாள். நிறுத்துவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன், அதுவரைக்கும் வைத்திருங்கள் ஐயா என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போனாள்.

அவளுக்கு முன்னால் பதினொரு பேர் இருந்தார்கள். கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.